நைந்த சீட் பெல்ட் தாங்குமா?

எட்டு வயதைக் கடந்த லாரி ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனைக்குப் போக வேண்டும். தேதி நெருங்கும்போதே பட்டறையில் வேலை சூடு பிடித்துவிடும். பிரேக் லைனிங்கைப் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். முகப்பு விளக்கைச் சரிசெய்வார்கள், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பம்பருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். டிரைவரின் வலது தோளுக்குப் பின்னால் கதவுத் தூணில் தொங்கும் சீட் பெல்ட்டை மட்டும் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பெல்ட் இருக்கிறதா, இருக்கிறது. அதோடு சரி.

இழுத்துப் பார்த்தால் தெரியும். கறுப்பாக இருந்த நாடா சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். ஓரம் பிசிறியிருக்கும். பீடித் தீ பட்ட இடத்தில் சிறு முடிச்சு இறுகியிருக்கும். கையை விட்டால் உள்ளே போகாமல் மடியிலேயே சுருண்டு கிடக்கும். சில வண்டிகளில் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்ட தையலும் காணக் கிடைக்கும்.

இத்தகைய பெல்ட்டை என்ன செய்வது? தைத்தால் போதுமா, காயலாங்கடையில் ஒன்றை வாங்கி மாட்டலாமா, புதிதாகத்தான் போட வேண்டுமா? நாடா எதனால் நெய்யப்பட்டது, ரீலுக்குள் என்ன நடக்கிறது, போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் அறிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

நொடியில் ஒரு சிறு பங்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒன்று சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். லாரி நின்றாலும் அதற்குள் இருக்கும் டிரைவரின் உடல் அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அவர் எடை 70 கிலோ என்றால் அந்த உடலில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 6,750 ஜூல். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுபவர் தரையைத் தொடும்போது கொண்டிருக்கும் ஆற்றல் இது. அதாவது மூன்று மாடி உயரம்.

இந்த ஆற்றல் எங்காவது செலவாகியே தீர வேண்டும். எவ்வளவு தூரத்தில் செலவாகிறது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. பெல்ட் போடாதவர் ஸ்டியரிங்கில் மார்பை மோதி ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால், அவர் மீது விழும் சராசரி விசை சுமார் 14 டன் எடைக்குச் சமம். பெல்ட் போட்டிருந்தால் கதை வேறு. கேபினின் முன்பக்கம் நசுங்கும் தூரம், நாடா நீளும் தூரம் எல்லாம் சேர்ந்து அரை மீட்டர் கிடைக்கிறது என்றால், விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 1.4 டன் ஆகிறது. அதுவும் விலா எலும்பு ஒன்றின் மீது குவியாமல் தோள், மார்பு, இடுப்பு எலும்பு என்று பரவிவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடிய ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எலும்பில் பரவிய விசையை மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் தன் உடலிலேயே சோதித்துக் காட்டினார். 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பொருத்திய தடவண்டியில் வார்களால் கட்டப்பட்டு அமர்ந்த அவர், மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, ஒன்றரை நொடிக்கும் குறைவான நேரத்தில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர் உடல் மீது விழுந்தது. கண்களில் இரத்தம் கட்டியது. ஆனால் பிழைத்தார், பார்வையும் திரும்பியது. சரியான இடத்தில் சரியான அகலத்தில் வார் இருந்தால் உடல் தாங்கும் என்பது அன்று உறுதியானது.

சரியான இடம் எது என்பதற்கு விடை தந்தவர் சுவீடனின் நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். 1958இல் வோல்வோவுக்கு வந்து, இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை உருவாக்கினார். 1959இல் அது விற்பனைக் கார்களில் வந்தது. காப்புரிமை இருந்தும் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அதைத் திறந்துவிட்டது. அதற்கு முன் பெரும்பாலும் இருந்தவை வயிற்றைச் சுற்றும் இரண்டு முனைப் பட்டைகள். அவை இடுப்பெலும்பிலிருந்து மேலே நழுவி வயிற்றில் ஏறினால் குடல் கிழியும். உடல் பட்டையின் மேல் மடிந்து முதுகெலும்பு முறியும். ஆகவே, பெல்ட் எங்கே படுகிறது என்பது பெல்ட் இருக்கிறதா என்பதற்கு இணையான கேள்வி.

பெரிய வண்டி என்ற தைரியம்

"இவ்வளவு பெரிய வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம், நமக்கு என்ன ஆகப் போகிறது?" என்பது லாரிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கார் ஒன்று லாரியோடு மோதினால் காரின் வேகம்தான் பெரிதும் மாறும். பாரமான லாரி சற்றே தடுமாறும். பெல்ட் பொருத்தும் இடங்களின் வலிமையைச் சோதிக்கும் ஐ.நா. விதி எண் 14கூட இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மூன்று முனைப் பெல்ட்டுக்குக் காரில் 13,500 நியூட்டன் விசை கொடுத்துச் சோதிக்கச் சொல்லும் அந்த விதி, கனரக லாரிக்கு 4,500 நியூட்டன் போதும் என்கிறது.

ஆனால் புளியமரமும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் பாரம் ஏற்றி நிற்கும் இன்னொரு லாரியும் கார் அல்ல. மூக்கில்லாத கேபினில் டிரைவருக்கு முன்னால் நசுங்குவதற்கு இடமும் குறைவு. லாரி கவிழும்போது இன்னொரு ஆபத்து சேர்கிறது. பெல்ட் இல்லாதவர் கதவு வழியாகவோ கண்ணாடி வழியாகவோ வெளியே வீசப்பட்டு, தன் வண்டிக்கு அடியிலேயே சிக்குகிறார். குதித்துத் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த நொடியில் இடமே இல்லை. முன்னிருக்கையில் மூன்று முனைப் பெல்ட் போடுவது, கார்களில் மரணத்தை 45 சதவீதமும் பிக்கப் போன்ற இலகு டிரக்குகளில் 60 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. உயரமான வண்டியில் பலன் கூடுவதற்கு முக்கியமான காரணம், கவிழும்போது பெல்ட் ஆளை உள்ளேயே வைத்திருப்பதுதான்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சீட் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அணிந்திருந்த பெல்ட் நைந்து போயிருந்ததால் இறந்தவர் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கில் தனிப் பத்தி கிடையாது.

பாவும் ஊடையும்

சீட் பெல்ட் நாடா தொடக்கத்தில் நைலானால் நெய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் கண்டுபிடித்த அதே இழைதான் சட்டைத் துணியிலும் இருக்கிறது. பெல்ட்டுக்கான நூலை மட்டும் நன்றாக இழுத்து, மூலக்கூறுச் சங்கிலிகள் நீளவாட்டில் ஒரே திசையில் படுக்கும்படி செய்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான அகலத்தில் நூற்றுக்கணக்கான பாவு நூல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. சுமையைத் தாங்குபவை இந்தப் பாவு நூல்களே. குறுக்கே போகும் ஊடை நூலின் வேலை, பாவு நூல்களைக் கட்டுக்கோப்பாக, பக்கத்தில் பக்கமாக வைத்திருப்பது. இரு ஓரங்களிலும் இருக்கும் கரை, நாடா பிரிந்து போகாமல் காக்கிறது.

நெசவு தெரிந்தவருக்கு இதிலிருந்தே ஓர் உண்மை புரிந்துவிடும். எல்லாப் பாவு நூல்களும் சமமாக இழுபடும் வரைதான் நாடா முழு வலிமையோடு இருக்கும். கரையில் ஒரு வெட்டு விழுந்தால், அந்த நூல்கள் சுமக்க வேண்டியதைப் பக்கத்து நூல்கள் சுமக்கின்றன. வெட்டின் முனையில் விசை குவிகிறது. முதல் நூல் அறுந்ததும் அதன் சுமை அடுத்த நூலுக்குப் போகிறது. அது அறுந்ததும் அதற்கடுத்ததுக்கு. எனவே அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அறுந்த நாடா பத்தில் ஒன்பது பங்கு வலிமையோடு இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. அதைவிடக் குறைந்த விசையிலேயே கிழிசல் ஓடத் தொடங்கிவிடும்.

ஐ.நா. விதி எண் 16இன்படி நாடா குறைந்தது 14,700 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். புதிதாக இருக்கும்போது மட்டும் தாங்கினால் போதாது. ஒளியில் காயவைத்து, 60 டிகிரி வெப்பத்தில் வைத்து, உறைகுளிரில் வைத்து, நீரில் ஊறவைத்து, தேய்த்துத் தேய்த்துச் சோதித்த பிறகும் முதலில் இருந்த வலிமையில் முக்கால் பங்காவது மிஞ்ச வேண்டும். அப்போதும் 14,700 நியூட்டனுக்குக் கீழே போகக் கூடாது. ஒளிச் சோதனையை எப்போது நிறுத்துவது என்பதற்கு ஓர் அழகான அளவுகோல் உண்டு. நீலச் சாயமேற்றிய கம்பளித் துண்டு ஒன்றை நாடாவோடு சேர்த்தே ஒளியில் வைக்கிறார்கள். அது குறித்த அளவுக்கு வெளுத்தால் போதும்.

நாடா நீளவும் வேண்டும். அமெரிக்கத் தர விதி 11,120 நியூட்டன் விசையில் தோள்பகுதி நாடா 40 சதவீதம் வரை, இடுப்புப்பகுதி 30 சதவீதம் வரை நீளலாம் என்கிறது. அப்படி நீளும்போது உள்ளே சுருங்கிக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபட்டு, வழுக்கி, ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. பெரும்பகுதி நீட்சி மீண்டும் பழைய நிலைக்கு வராது. அதாவது பெல்ட் ஒரே ஒரு முறை செலவழிக்கத்தக்க சேமிப்பு. கடும் மோதலைத் தாங்கிய நாடா பார்வைக்கு முழுசாக இருந்தாலும் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கும். அடுத்த மோதலில் அது நீள மறுத்து எலும்பை முறிக்கும், அல்லது அறுந்துவிடும்.

லாரி கேபின் நாடாவைத் தின்னும் வழிகள்

சோதனைக்கூடம் வெயிலையும் நீரையும் தேய்மானத்தையும் தனித்தனியாகத் தருகிறது. லாரி கேபின் எல்லாவற்றையும் ஒன்றாக, ஆண்டுக்கணக்கில் தருகிறது.

முதலில் வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர், பாலியெஸ்டரின் சங்கிலிக் கண்ணிகளை அறுக்கிறது. இந்த இழையை அதிகம் கெடுக்கும் குறுகிய அலைநீளக் கதிர்களைக் கண்ணாடி வடிகட்டிவிடும். ஆனால் ஏ.சி. இல்லாத பழைய லாரியில் வலப்பக்கக் கண்ணாடி பகல் முழுதும் இறக்கியே இருக்கும். தோளுக்கு மேல் தூணை ஒட்டிய நாடாவின் மீது வடிகட்டாத வெயில் நேராக விழுகிறது. வெளுத்த நிறம் ஓர் எச்சரிக்கை. ரீலுக்குள் சுருண்டு வெயில் படாமல் இருந்த பகுதியை வெளியே இழுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தால் வெயில் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அடுத்து தூசி. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றும் வண்டியில் கூர்மையான கல்துகள்கள் நெசவுக்குள் புகுந்துகொள்கின்றன. டிரைவர் மூச்சு விடும்போதும், கியர் மாற்றும்போதும், குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும்போதும் நாடா அசைகிறது. ஒவ்வொரு அசைவிலும் துகள்கள் இழைகளை அறுக்கின்றன. சிமென்ட் தூசியோ காரத்தன்மை உள்ளது. வியர்வையின் ஈரத்தோடு சேர்ந்தால் அது பாலியெஸ்டரை மெல்ல அரிக்கும். பேட்டரி அமிலம் நைலானுக்குக் கொடிய எதிரி; பழைய நைலான் நாடாவில் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தை நம்பக் கூடாது.

தூணின் உச்சியில் நாடா வளைந்து திரும்பும் வளையம் ஒன்று இருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு தேய்வதுபோல நாடா அதிகம் தேய்வது அங்கேதான். வளையத்தின் உட்பக்கத்தில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்தால் நாடா ஒரு பக்கமாக ஒதுங்கி மடிந்து, ஒரே கரையின் மீது உராயும். ஸ்பிரிங் வைத்த சீட்டு மேலும் கீழும் ஆடும் வண்டிகளில், பெல்ட் கேபின் சுவரில் பொருத்தப்பட்டிருந்தால் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் நாடா இழுபட்டுத் திரும்புகிறது. அங்கே தேய்மானம் இன்னும் வேகம்.

பட்டறையிலேயே நேரும் சேதமும் உண்டு. கேபினில் வெல்டிங் வைக்கும்போது தெறிக்கும் பொறி, நாடாவில் பட்டதும் இழைகளை உருக்கி ஒட்டிவிடுகிறது. பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகிவிடும். வெல்டிங் பொறியின் வெப்பமோ அதைவிடப் பல மடங்கு. கடுகளவு உருண்டையாக இறுகிய இடம் ஒவ்வொன்றும் அறுந்துபோன நூல்களின் தொகுப்பு. வெல்டிங் தொடங்கும் முன் பெல்ட்டைக் கழற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஈரச் சாக்கால் மூடலாம்.

ஏன் தைக்கக் கூடாது

பிசிறிய இடத்தைச் சேர்த்துத் தைத்தால் என்ன என்று கேட்பவர்கள், பெல்ட்டிலேயே தையல் இருக்கிறதே என்றும் சுட்டிக்காட்டுவார்கள். இருக்கிறது. முனைத் தகட்டைச் சுற்றி நாடாவை மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையலின் வடிவம், நூலின் தடிமன், ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்பது யாவும் நாடாவோடு சேர்த்து இழுத்துச் சோதிக்கப்பட்டவை. இயந்திரம் ஒவ்வொரு பெல்ட்டிலும் அதே வடிவத்தை மாறாமல் தைக்கிறது.

தார்ப்பாய் தைக்கும் ஊசி தடிமனானது. அது பாவு நூல்களைக் குத்தி அறுத்துக்கொண்டே போகும். குறுக்கே ஒரே வரிசையில் போட்ட தையல், தபால்தலைகளுக்கு இடையிலான துளைவரிசையைப் போன்ற கிழிகோடாகிவிடும். தைத்த பகுதி விறைத்துப்போவதால் பக்கத்து நாடா நீளும்போது அது நீளாது. விசை அந்த எல்லையில் குவியும். தடித்துவிட்ட நாடா வளையத்துக்குள்ளும் ரீலுக்குள்ளும் சரியாக ஓடாது. தையல்காரரின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒரு தையலின் மீது உயிரை வைப்பதுதான் இங்கே குறை.

சில வண்டிகளில் நாடாவின் ஒரு பகுதியை மடித்து வேண்டுமென்றே இலேசாகத் தைத்திருப்பார்கள். கடும் விசையில் அந்தத் தையல் பிரிந்து, மடிப்பு விரிந்து, ஆளின் மீது விழும் விசையைக் குறைக்கும். மடிப்புக்குள் பெல்ட்டை மாற்றச் சொல்லும் குறிப்பும் இருக்கும். அது பிரிந்திருந்தால் பெல்ட் ஒரு மோதலைச் சந்தித்துவிட்டது என்று பொருள். அதை மறுபடி தைத்து மூடுவது, நடந்ததை மறைத்து அடுத்த டிரைவரை ஏமாற்றும் செயல்.

அழுக்கு நீங்க பிளீச்சிங் பவுடரில் ஊறவைப்பதும், வெளுத்ததற்குச் சாயம் போடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. வெளித்தோற்றம் புதிதாகும், இழை இன்னும் கெடும்.

ரீலுக்குள் ஒரு குண்டு

மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும் ரீலுக்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று வண்டியின் வேகக் குறைவை உணர்வது. குழிந்த கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புக் குண்டு அல்லது தொங்கும் சிறு ஊசல், வண்டி திடீரென வேகம் குறையும்போது முன்னே நகர்கிறது. ஒரு நெம்புகோலைத் தூக்கிவிடுகிறது. நெம்புகோல் பல்சக்கரத்தில் மாட்டிச் சுழற்சியை நிறுத்துகிறது. மற்றொன்று நாடா எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை உணர்வது. வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வது இதனால்தான். நாடாவை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையை ஒரு தட்டைச் சுருள்வில் செய்கிறது.

குண்டும் ஊசலும் புவியீர்ப்பை நம்பி இருப்பவை. ஆகவே ரீல் எந்தக் கோணத்தில் பொருத்தப்படுகிறது என்பது உயிர்நிலையான செய்தி. 12 டிகிரி வரை சாய்ந்தாலும் ரீல் பூட்டிக்கொள்ளக் கூடாது, அந்த வகை ரீலுக்குக் குறித்த கோணத்தைத் தாண்டிச் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும் என்பது ஐ.நா. விதி. ஒரு மாடலுக்கான ரீலை வேறு மாடல் கேபினில், கிடைத்த ஓட்டையில், கிடைத்த கோணத்தில் மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: பெல்ட் எப்போதும் பூட்டியே கிடக்கும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் தாமதிக்கும். முதலாவது நடந்தால் டிரைவர் பெல்ட்டையே விட்டுவிடுவார். இரண்டாவது நடந்தால் யாருக்கும் தெரியாது, விபத்து நடக்கும் வரை.

நாடா திரும்ப உள்ளே போகவில்லை என்றால் ரீலைக் குறை சொல்லும் முன் மேல் வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே படிந்த அழுக்குதான் காரணம். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்துத் துணியால் வளையத்தையும் நாடாவையும் துடைத்து, நாடாவை முழுதும் வெளியே இழுத்து வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு உள்ளே விட்டால் ரீலுக்குள் துருவும் பூஞ்சையும் வரும். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டி, குண்டும் நெம்புகோலும் சிக்கிக்கொள்ளும். இவ்வளவு செய்தும் நாடா உள்ளே போகவில்லை என்றால் சுருள்வில் தளர்ந்துவிட்டது. ரீலைத் திறந்து வில்லை முறுக்குவது ஆபத்து. கையைக் கிழிக்கும், மீண்டும் பழையபடி பொருந்தாது. ரீலைப் பிரித்துப் பழுது பார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மார்பை அழுத்துகிறது என்று துணிக்கிளிப் போட்டு நாடாவைத் தளர்த்தி வைப்பவர்கள் உண்டு. தளர்ந்திருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும், நாடா பிடிப்பதற்கு முன் உடல் தடையின்றி ஸ்டியரிங்கை நோக்கிப் பறக்கும் தூரம்.

போல்ட் எதைப் பிடித்திருக்கிறது

புது நாடா, புது ரீல் எல்லாம் இருந்தும் போல்ட் கேபின் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டால் பயனில்லை. பழைய லாரியில் இதுதான் மிகவும் கவலைக்குரிய இடம்.

உலகின் பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் போல்ட் ஒரே அளவுதான்: 7/16 அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. மில்லிமீட்டர் மரை கொண்ட வேறு போல்ட்டை அந்த ஓட்டையில் முறுக்கி ஏற்றினால் மரை சிதைந்துவிடும். பெல்ட் போல்ட்டில் தலைக்குக் கீழே ஒரு படி இருக்கும். முனைத் தகடு இறுகிவிடாமல், விசை வரும் திசைக்குத் திரும்ப அது இடம் தருகிறது. சாதாரண போல்ட் போட்டு இறுக்கினால் தகடு திரும்பாது. நாடா கோணலாக இழுபட்டு ஒரு கரை மட்டும் சுமையை ஏற்கும். போல்ட்டை வெல்டிங் வைத்து உறுதிப்படுத்துவதும் தவறு. அந்த வெப்பத்தில் எஃகின் பதம் போய்விடும்.

போல்ட்டுக்கு அடியில் இருக்கும் உலோகத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். தூத்துக்குடி உப்பு ஏற்றும் வண்டிகளிலும், தரை விரிப்புக்குக் கீழே மழைநீர் தேங்கும் வண்டிகளிலும் கேபின் தரை அப்பளமாகப் பொரிந்திருக்கும். பெயின்ட் அடித்தால் துரு மறையும், வலிமை வராது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல தகடு சேர்த்து, பின்புறம் தாங்கு தகடு வைத்த பிறகே பெல்ட்டைப் பொருத்த வேண்டும். தாங்கு தகட்டின் பயன் எளிது: போல்ட்டின் சிறு வட்டத்தில் குவியும் விசையை அகலமான பரப்பில் பரப்புவது. மோட்டார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ., வார்களைப் பொருத்தும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட எஃகுத் தகடு வேண்டும் என்கிறது.

சேசிஸாக வாங்கி வெளியே பாடி கட்டிய பழைய வண்டிகளில், மரச்சட்டத்தின் மீது தகடு அடித்த கேபின்கள் உண்டு. மரத்தில் முறுக்கிய திருகு பெல்ட்டைத் தாங்காது. எஃகுக் குறுக்குச் சட்டத்திலோ அதோடு இணைந்த வலுவூட்டிய தகட்டிலோதான் பெல்ட் போய்ச் சேர வேண்டும். கீழ் முனைகள் சீட்டுக்குப் பின்னால், இடுப்பிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்த கோணத்தில் இருக்கட்டும். கிடைமட்டமாக இழுத்தால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மேல் முனைக்கு வலுவான தூண் இல்லாத கேபினில் கண்ட இடத்தில் தோள்பட்டை வைப்பது இன்னொரு ஆபத்து. அந்த வேலையைக் கேபினின் கட்டமைப்பை அறிந்த, நிறுவனப் பயிற்சி பெற்ற பட்டறையிடம் விட்டுவிட வேண்டும்.

பார்க்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும்

பெல்ட்டைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சமும் பொறுமையும் போதும். நாடாவை ரீலின் அடிவரை இழுத்து, இரு கரைகளையும் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். வெட்டு, பிசிறு, உருகிய முடிச்சு, விறைத்த பகுதி, அலையலையாக நெளிந்த பகுதி, அகலம் குறைந்த பகுதி, வளையம் உராய்ந்து பளபளப்பேறிய கோடு இவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பெல்ட்டின் காலம் முடிந்தது. கடைசியில் சொன்ன மூன்றும் பழைய மோதலின் தடங்களாக இருக்கக்கூடும். பிறகு வெடுக்கென்று இழுங்கள், பூட்ட வேண்டும். நாக்கைப் பூட்டில் செருகி, வலுவாக இழுத்துப் பாருங்கள், விடக் கூடாது. பொத்தானை அழுத்தினால் உடனே விட வேண்டும். கடலைத் தோலும் மண்ணும் அடைத்த பூட்டு, மாட்டியதுபோல் சத்தம் தந்துவிட்டு விசை வரும்போது கழன்றுவிடக்கூடும்.

மாற்றுவதென்றால் நாடா, ரீல், நாக்கு, பூட்டு, போல்ட் எல்லாம் ஒரே தொகுதியாக, அந்த மாடலுக்கு உரியதாக, தரமுத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் நாக்கு இன்னொன்றின் பூட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த இணையை யாரும் இழுத்துச் சோதித்ததில்லை. கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு அதே வரிசையில் மாட்டுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். டார்க் ரெஞ்ச் வைத்து அதன்படி இறுக்குங்கள். வெடிமருந்தால் இறுகும் வகைப் பெல்ட் உள்ள புதிய வண்டிகளில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் கை வைக்கக் கூடாது. அதை நிறுவனப் பட்டறை செய்வதே நல்லது.

காயலாங்கடைப் பெல்ட் வேண்டவே வேண்டாம். வண்டி காயலாங்கடைக்கு வந்ததற்கு விபத்து ஒரு முக்கியமான காரணம். அந்தப் பெல்ட் தன் ஒரே சேமிப்பைச் செலவழித்துவிட்டதா என்பதைக் கண்ணால் உறுதியாகச் சொல்ல இயலாது. பந்தயக் கார்களின் வார்களுக்கு எஃப்.ஐ.ஏ. ஐந்து ஆண்டுக் காலாவதி வைத்திருக்கிறது. சாலை வண்டிப் பெல்ட்டுக்கு அப்படி ஒரு தேதி அச்சிடப்படுவதில்லை. ஆகவே அந்தத் தேதியைக் கண்டறியும் பொறுப்பு வண்டி வைத்திருப்பவருடையது.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். சாலையில் பிடிபடுவது டிரைவர். பெல்ட்டை மாற்றும் அதிகாரமும் பணமும் உரிமையாளரிடம். பூட்டாத, சுருளாத, அறுந்த பெல்ட்டைக் கொடுத்துவிட்டு அணியவில்லை என்று டிரைவரைக் குறை சொல்வது நியாயமாகாது. எஃப்.சி. சோதனையில் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், முழுதும் இழுத்துப் பார்த்து, பூட்டிப் பார்த்து, போல்ட்டின் அடித்தகட்டைத் தட்டிப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

லாரியில் உள்ள மற்ற உறுப்புகள் எல்லாம் சரக்குக்கும் வண்டிக்கும் சேர்த்தே உழைக்கின்றன. பிரேக் சரக்கையும் காக்கிறது, டயர் பயணத்தையும் காக்கிறது. அந்தக் கேபினில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக மட்டுமே பொருத்தப்பட்ட உறுப்பு சீட் பெல்ட். ஒரு புது டயரின் விலையில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். அடுத்த முறை பட்டறைக்கு வண்டி போகும்போது, எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியலில் பிரேக்குக்கு முன்னால் பெல்ட்டை எழுதுங்கள். கிளீனர் பக்கத்துப் பெல்ட்டையும் சேர்த்து எழுதுங்கள்.